ஒரு கிதாருக்கு எத்தனை பெட்டி?

மேடையில் ஒரு வாலிபர் நிற்கிறார். அவர் கையில் ஒரு கிதார். அவருக்குப் பின்னால் மூன்று கறுப்புப் பெட்டிகள்.

மூன்றும் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள். "ஆம்ப்ளிபயர்" என்று சொல்லுவார்கள். மூன்றும் அவர் ஒருவருக்கே!

கிதார் ஒன்று. வாசிக்கும் கைகள் இரண்டு. பெட்டி மட்டும் எதற்கு மூன்று?

ரசிகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஏன் என்றால், பெட்டி வாங்கப் பணம் வேண்டும். அது சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாகவும் இருக்கலாம். ஆகவே இது பாட்டுக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. குடும்பத்தின் கவலையும்தான்.

கடையநல்லூர்க் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது, கடையநல்லூர். மதுரையில் இருந்து தென்காசிக்குப் போகும் பெரிய சாலையில் உள்ள ஊர். நெசவுத் தொழில் நடக்கும் ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019-ம் ஆண்டில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது.

கச்சேரிக்குப் பஞ்சம் இல்லாத வட்டாரம் இது. கோவில் கொடை உண்டு. கல்யாணம் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு விழா உண்டு. பக்கத்தில் சங்கரன்கோவில். அங்கே ஆடித் தபசு என்றால் ஊர் கொள்ளாத கூட்டம்!

இந்த ஊரில், மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கும் வாலிபர் ஒருவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. இன்னும் இரண்டு வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடன் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

வாங்கலாமா?

பதில் சொல்லுவதற்கு முன், அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

கிட்டப்பாவுக்குப் பெட்டி ஏது?

கடையநல்லூரில் இருந்து தென்காசி வழியாகப் போனால் செங்கோட்டை வரும். அந்த ஊர் தந்த நாடகப் பாடகர்தான் எஸ்.ஜி.கிட்டப்பா. 1906-ல் பிறந்தார். 1933-ல், 27 வயதிலேயே மறைந்து போனார்.

அவர் காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து இருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். தொண்டைதான் பெட்டி! உச்ச சுருதியில் பாடத் தெரிந்தவர்தான் அன்று ராஜா.

நாதசுரமும் அப்படித்தான். தேர் வீதியின் ஒரு கோடியில் வாசித்தால் மறு கோடியில் கேட்கும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்தை நெல்லைச் சீமை மறக்க முடியுமா? அந்த வாத்தியம் பிறந்ததே திறந்த வெளிக்காக!

கிதார் அப்படி அல்ல. மரக் கிதாரின் வயிறு காலியாக இருக்கும். தந்தியின் சிறு அதிர்வை அந்த வயிறு பெரிதாக்கும். ஒரு சிறிய அறைக்கு அது போதும். தவிலும் டிரம்பெட்டும் முழங்கும் இடத்தில், கிதார் ஊமைதான்.

வானொலி மெக்கானிக் செய்த வேலை

அமெரிக்காவில் 1930-ம் ஆண்டுகளில் இதே சங்கடம் வந்தது. நடனக் கூடங்களில் பெரிய பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்தன. கிதார்காரர் விரல் தேய வாசிப்பார். ஒருவர் காதிலும் விழாது.

இந்தச் சமயத்தில்தான் மின்சாரக் கிதார் வந்தது. அதன் தந்திகளுக்கு அடியில் காந்தம் இருக்கும். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி சுற்றி இருக்கும். இரும்புத் தந்தி அதிர்ந்தால், அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அதைப் பெட்டி பெரிதாக்கும். பிறகு ஸ்பீக்கர் அதை ஒலியாக மாற்றும்.

இந்தத் தொழிலில் பெரிய பெயர் எடுத்தவர், லியோ பெண்டர். கலிபோர்னியாவில் உள்ள புல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவர் செய்த கிதார்களும் பெட்டிகளும் உலகம் முழுவதும் போயின. வேடிக்கை என்ன என்றால், அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

இதில் இருந்து ஒன்று விளங்கும். மின்சாரக் கிதாருக்குப் பெட்டி என்பது ஆடம்பரம் அல்ல. அது அந்த வாத்தியத்தின் பாதி உடம்பு. ஆகவே முதல் பெட்டி கட்டாயம் வேண்டும்.

கேள்வி எல்லாம் இரண்டாவது, மூன்றாவது பெட்டியைப் பற்றித்தான்.

பீட்டில்ஸ் பட்ட பாடு

1965-ம் ஆண்டு, ஆகஸ்டு 15-ந் தேதி. நியூயார்க் நகரில் ஷியா விளையாட்டு மைதானம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் பாட வந்தார்கள். சுமார் 55 ஆயிரம் பேர் திரண்டார்கள்.

அந்தக் காலத்துக்குப் பெரிதான 100 வாட் பெட்டிகள் மேடையில் இருந்தன. பலன்? ரசிகைகள் போட்ட கூச்சலில் எல்லாம் அமுங்கிப் போயின. வாசிப்பவர்களுக்கே தங்கள் வாசிப்புக் கேட்கவில்லை! மறு ஆண்டு ஆகஸ்டோடு அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திக் கொண்டார்கள்.

"தி ஹூ" என்று இன்னொரு ஆங்கிலக் குழு. அதன் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட். அவருக்குப் பெட்டி மேல் பெட்டி வேண்டும். ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி வைத்து வாசித்தார். 1976-ல் லண்டனில் அந்தக் குழு நடத்திய கச்சேரி, உலகிலேயே மிகவும் சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

பிறகு நடந்தது என்ன? டவுன்ஷெண்டின் செவித்திறன் பாதிக்கப்பட்டது. காதுக்குள் ஓயாத இரைச்சல். அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். கின்னஸ் புத்தகத்தாரும் "சத்தமான கச்சேரி" என்ற பிரிவையே பிற்பாடு எடுத்து விட்டார்கள். அந்தப் பெருமைக்காகக் காதைக் கெடுத்துக் கொள்ள யாரையும் தூண்டக் கூடாது அல்லவா?

இரண்டு பெட்டி, இரண்டு மடங்கு சத்தமா?

இல்லை! இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

பெட்டியின் பலத்தை "வாட்" கணக்கில் சொல்லுவார்கள். சத்தத்தின் அளவை "டெசிபல்" கணக்கில் சொல்லுவார்கள்.

20 வாட் பெட்டியை எடுத்துவிட்டு 40 வாட் பெட்டி வைத்தால், சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். "கொஞ்சம் கூடி இருக்கிறதோ?" என்று காது சந்தேகப்படும். அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால், ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதாவது 20 வாட் இருந்த இடத்தில் 200 வாட்!

ஒன்றுக்கு இரண்டாகப் பெட்டி வாங்கினால் செலவு இரண்டு மடங்கு. சுமை இரண்டு மடங்கு. சத்தம் மட்டும் கால் படி கூடும்.

இன்னொரு சங்கதி. இன்றைய மேடையில் கிதார் பெட்டியின் சத்தம் ஊருக்கே கேட்க வேண்டியது இல்லை. பெட்டிக்கு முன்னால் ஒரு மைக்கை வைப்பார்கள். அல்லது கிதாரில் இருந்து ஒரு ஒயரை நேரே மிக்சரில் சொருகுவார்கள். கூட்டத்துக்குக் கேட்பது, மைக் செட்காரர் கட்டிய பெரிய ஸ்பீக்கர் வழியாகத்தான். கிதார்காரரின் பெட்டி, அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்டால் போதும்.

அப்படியானால் ஏன் சிலர் இரண்டு மூன்று வைத்திருக்கிறார்கள்? சத்தத்துக்காக அல்ல, குரலுக்காக! ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குரல் உண்டு. வால்வு உள்ள பழைய மாதிரிப் பெட்டியை வேகமாக முடுக்கினால், ஒலி சற்றுக் கரகரத்து இனிக்கும். டிரான்சிஸ்டர் பெட்டி தெளிவாகப் பேசும், எடையும் குறைவு. பெரிய நகரங்களில் ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சோறு போடும். கல்யாணப் பந்தலில் பந்தி நடக்கும்போது அதை யார் கவனிப்பார்கள்? தவிர, இப்போது காலால் மிதிக்கும் சிறு கருவி ஒன்றிலேயே பல பெட்டிகளின் குரலைக் கொண்டு வந்து விடுகிறார்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு

85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்பது நிபுணர்கள் போட்டிருக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு ஒரு மணி. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்!

போன காது திரும்பி வராது. கை விரல் சரியாக இருந்தும், காது போனால் கிதார்காரருக்குப் பிழைப்பு ஏது?

சட்டமும் உண்டு. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், படுக்கையில் கிடக்கும் கிழவியும் அதே தெருவில்தானே இருக்கிறார்கள்?

மூன்றாவது முள்

பெட்டியின் எண்ணிக்கையை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1972-ம் ஆண்டு, மே மாதம். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில், ஸ்வான்சி நகரில் ஒரு கச்சேரி. லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், ஒரு கையில் கிதாரைப் பிடித்தபடி மைக்கைத் தொட்டார். "எர்த்" சரியாக இல்லாததால் மின்சாரம் பாய்ந்தது. மேடையிலேயே உயிர் போய் விட்டது. அவருக்கு வயது 27.

நம் ஊரிலும் பலர் பிளக்கில் உள்ள மூன்றாவது முள்ளைப் பிடுங்கி விடுகிறார்கள். "இரண்டு முள்ளே போதும், பெட்டி பாடுகிறதே!" என்கிறார்கள். பெட்டி பாடும். ஆனால், அந்த மூன்றாவது முள்தான் வாசிப்பவரின் தாலிக்கயிறு! மழை ஈரம் பட்ட பந்தலில், வெறுங்காலோடு நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

புதுப் பெட்டி வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, நல்ல ஒயர், நல்ல பிளக், எர்த் ஆகியவற்றுக்குச் செலவிட்டால் அது வீண் ஆகாது.

சரி, எத்தனைதான் வேண்டும்?

படிக்கிற பிள்ளைக்கு: ஒன்று. அதுவும் சிறியது. 10 வாட், 15 வாட் போதும். அடுத்த வீட்டுக்காரரின் தூக்கமும் கெடாது.

மேடை ஏறுகிறவருக்கு: நல்லதாக ஒன்று. 30 வாட் அளவில் இருந்தால் தாராளம். ஒரு ஆள் தூக்கி, பஸ்சிலோ வேனிலோ ஏற்றும் எடையாக இருக்க வேண்டும். வால்வுப் பெட்டிகளில் 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளவையும் உண்டு. வாங்கும்போது வாலிபருக்கு அது தெரியாது. சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் இறக்கும்போது இடுப்புக்குத் தெரியும்!

வாசிப்பே பிழைப்பு என்று இருப்பவருக்கு: இன்னும் ஒன்று. ஏன்? கச்சேரி நடுவில் பியூஸ் போகலாம். மின்சாரம் ஏறி இறங்கிப் பெட்டி புகைந்து போகலாம். அந்த நேரத்துக்கு மாற்று வேண்டும். வீட்டில் பழகும் சின்னப் பெட்டியே இதற்கு உதவும். அதற்கு முன்னால் மைக்கை வைத்து விட்டால், கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது.

ஆக, வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. இரண்டோடு கணக்கு முடிந்தது.

மூன்றாவது பெட்டி? அது தேவை அல்ல, ஆசை. ஆசைப்படுவது தப்பு இல்லை. ஆனால், ஆசைக்குக் கையில் மிஞ்சின பணம் வேண்டும். கடன் வாங்கக் கூடாது.

இதில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. போன மூன்று மாதத்தில் எந்தப் பெட்டி எத்தனை நாள் பாடியது என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். ஒரு நாள் கூடப் பாடாத பெட்டி வீட்டில் இருந்தால், அதைப் புதிதாகப் பழகும் ஒரு பையனுக்குக் கொடுத்து விடலாம். அது அங்கேயாவது பாடும்.

விரலில் இருக்கிறது சங்கீதம்

மாண்டலின் சீனிவாஸ் ஆந்திராவில் பாலகொல்லு என்ற ஊரில் 1969-ல் பிறந்தவர். சென்னைக்கு வந்து புகழ் பெற்றார். பால் மணம் மாறாத வயதிலேயே மின்சார மாண்டலினில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். கையகல வாத்தியம்! "இதில் கமகம் வருமா?" என்று கேட்டவர்கள், கேட்டு முடித்ததும் கை தட்டினார்கள். 1998-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2014-ல் அவர் மறைந்தபோது சங்கீத உலகம் கண்ணீர் விட்டது.

அவருக்கும் ஒலிபெருக்கி தேவைப்பட்டதுதான். ஆனால், அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெட்டியைப் பற்றியா பேசுகிறார்கள்? விரலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இது கடையநல்லூர் நெசவாளிக்கு நன்றாகத் தெரியும். ஓர் ஆள் ஒரு நேரத்தில் ஒரு தறியில்தான் உட்கார முடியும். பக்கத்தில் இன்னொரு தறி சும்மா நின்றால், சேலை கூடாது. வட்டிதான் கூடும்.

நம் வாலிபரின் கணக்கும் அதுதான். வீட்டில் இருப்பவர்கள் "எதற்கு மூன்று?" என்று கேட்டால், அவர் கோபப்பட வேண்டாம். இரண்டாவது பெட்டி எதற்கு என்று நிதானமாகச் சொல்லட்டும், அதை வாங்கட்டும். மூன்றாவது பெட்டிக்கு வைத்த பணம் தங்கை கல்யாணத்துக்கே இருக்கட்டும்.

அந்தக் கல்யாணப் பந்தலில், அந்த ஒரே பெட்டியோடு அவர் வாசிக்கட்டும். கேட்கிறவர்களுக்கு அது போதும்!