முகவரிக்குள்ளே – 17: தன் ஊர் தெரியாத மின்னஞ்சல்

ரூட்டுக்குள் பாராமீட்டர் வைப்பது எப்படி என்று போன வாரம் பார்த்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். இந்த வாரம், வாக்குக் கொடுத்தபடி, அந்தப் பாராமீட்டருக்கு டிஃபால்ட் மதிப்பு வைக்கும் கதை.

பேஸ்கேம்ப்பைத் திறந்தால் முகவரியில் தளத்தின் பெயரை அடுத்து ஒரு நீளமான எண் நிற்கும். அது நிறுவனத்தின் கணக்கு எண். பன்மொழித் தளங்கள் பலவற்றில் அதே இடத்தில் மொழிக் குறியீடு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நாற்பது லிங்க் இருந்தால் நாற்பதிலும் அது வந்தாக வேண்டும். கையால் எழுதப் போனால் ஏதாவது ஒன்றில் விட்டுப்போகும். தமிழில் படித்துக்கொண்டிருந்தவர் ஒரே க்ளிக்கில் ஆங்கிலப் பக்கத்தில் போய் விழுவார்.

ரூபி ஆன் ரெயில்ஸில் ‘டிஃபால்ட் யுஆர்எல் ஆப்ஷன்ஸ்’ என்ற மெத்தடை அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் ஒருமுறை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. லாராவெல்லில் மிடில்வேருக்குள் ஒரு வரி. பைத்தானின் ஃபிளாஸ்க்கில் 2011இல் வந்த 0.7 பதிப்பிலிருந்தே வசதி உண்டு, ஆனால் இந்த ரூட் மொழியை எதிர்பார்க்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காவிட்டால் சிஎஸ்எஸ் கோப்பின் முகவரிக்குக்கூடக் கேள்விக்குறியோடு ஒரு வால் முளைக்கும். ரெயில்ஸிலும் ரூட்டில் இடம் ஒதுக்காத மதிப்புக்கு அதே வால்தான்.

இந்த மதிப்பெல்லாம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், வந்து நிற்கும் கோரிக்கையிலிருந்துதான். யார் கேட்கிறார், எந்த மொழியில், எந்த டொமைனில் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

மின்னஞ்சலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நள்ளிரவில் பின்னணி வேலையாக ஓடும் நிரல் ‘கடவுச்சொல்லை மாற்ற இங்கே தட்டுங்கள்’ என்று எழுதும்போது எதிரே பிரவுசர் கிடையாது. எந்தத் தளத்திலிருந்து எழுதுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. அதனால்தான் லிங்க் போட ஹோஸ்டைக் காணோமே என்று ரெயில்ஸ் பிழை காட்டி நிற்கிறது. மெயிலருக்கென்று தனியாக ஹோஸ்டைச் சொல்லி வைக்க வேண்டும். சோதனைக்கு வைத்த லோக்கல்ஹோஸ்ட் 3000 அப்படியே நேரலைக்குப் போய்விட்டால், வாடிக்கையாளர் தட்டும் லிங்க் அவருடைய கணினியின் கதவையே போய்த் தட்டும்.

அந்த ஹோஸ்ட் அமைப்புக்கு ரெயில்ஸ் கையேடு தரும் மாதிரிப் பெயர் எக்ஸாம்பிள்.காம். இந்த வாரம் பாதிப் பக்கத்தைத் தின்றது இதுதான். அந்தப் பெயரை யாரும் விலைக்கு வாங்க முடியாது. 1999 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2606, எக்ஸாம்பிள் என்ற பெயரை .காம், .நெட், .ஆர்க் மூன்றிலும் ஒதுக்கி வைத்தது. கூடவே .டெஸ்ட், .எக்ஸாம்பிள், .இன்வேலிட், .லோக்கல்ஹோஸ்ட் என்ற நான்கு டாப்லெவல் பெயர்களும் விற்பனைக்கு இல்லை என்றாயின. கையேட்டை வரி மாறாமல் நகலெடுப்பவர் எந்தக் காலத்திலும் இருப்பார். அவருடைய தவறு முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சர்வரில் போய் விடியாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

எக்ஸாம்பிளுக்குத் தமிழிலும் ஓர் உடன்பிறப்பு இருந்தது. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர் ஓடுமா என்று பார்க்க, 2007 அக்டோபரில் ஐகேன் 11 சோதனை டாப்லெவல் பெயர்களை இணையத்தின் வேர்ப் பட்டியலில் சேர்த்தது. அரபு, சீனம், இந்தி, இத்திஷ் ஆகியவற்றோடு தமிழும் அதில் உண்டு. பிரவுசரில் உதாரணம்.பரிட்சை என்று அடித்தால் (எழுத்துப்பிழை இல்லை, பதிவேட்டில் அப்படித்தான்) தமிழில் ஒரு சோதனை விக்கிப் பக்கம் திறக்கும். 2013இல் அந்தப் பெயர்களை வேர்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆங்கில எக்ஸாம்பிளுக்கு நிரந்தர இடம். தமிழ் உதாரணத்துக்கு ஆறு ஆண்டு. கொஞ்சம் ஓரவஞ்சனைதான்.

லாராவெல்லின் மிடில்வேர் வரிசை பற்றியும் இதே இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தது. டிஃபால்ட் வைக்கும் மிடில்வேர், சப்ஸ்டிட்யூட் பைண்டிங்ஸ் என்ற மிடில்வேருக்கு முன்னால் ஓட வேண்டும் என்று லாராவெல் ஆவணம் தனியாக எச்சரிக்கிறது. ஏன் என்பது அடுத்த வாரம்.