மறுபடியும் அந்த நீல வெளிச்சமா?

கருவிழிக்கு கிராஸ்லிங்கிங் முடித்துவந்த பிள்ளைக்கு, 'இன்னொரு தடவை செய்யணும்' என்று டாக்டர் சொன்னால், புதுக்கோட்டைப் பக்கத்துப் பெற்றோருக்கு முதலில் எழும் கேள்வி: 'அப்போ போன தடவை சரியாச் செய்யலையா?' கேள்வி நியாயமானதுதான். ஆனால், பல நேரங்களில் காரணம் ஆபரேஷன் அறையில் இல்லை. பிள்ளையின் கையில் இருக்கிறது.

கெரட்டோகோனஸ் என்ற நோயில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழிப் படலம் மெலிந்து, கூம்பாக முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் வயதில் தலைகாட்டும். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருந்தும் போர்டு தெரியவில்லை, சிலிண்டர் பவர் ஏறுகிறது என்றால் ஒரு டோப்போகிராபி ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் வோலன்சாக், ஸ்பெர்ல், சைலர் மூவரும் 2003-இல் முடிவுகளை வெளியிட்ட சிகிச்சைதான் கிராஸ்லிங்கிங். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழியின் மேல்தோலை எடுத்து, ரைபோபிளேவினை (பி2 வைட்டமின்தான்) அரை மணி நேரம் ஊறவிடுவார்கள். பிறகு அரை மணி நேரம் புற ஊதாக் கதிர், அதாவது அந்த நீல வெளிச்சம். இப்போது பத்து நிமிட வேக முறையும் உண்டு. கொலாஜன் இழைகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் உண்டாகி, படலம் விறைக்கும். நோய் மேலும் முற்றாமல் நிறுத்துவதே இதன் வேலை. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அதே டிரெஸ்டனில் 34 கண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்தபோது, 2 கண்களுக்கு மறுமுறை தேவைப்பட்டது. அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. சிறு வயது, ஏற்கெனவே மிகவும் கூர்மையாகிவிட்ட கூம்பு, மேல்தோலை எடுக்காமலே செய்த சிகிச்சை ஆகியவற்றில் நோய் திரும்ப முற்றும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றிலும் கொடியது கண்ணைக் கசக்குவது.

செம்மண் புழுதியும் கல்குவாரித் தூசும் கோடை வெயிலும் உள்ள மாவட்டத்தில், அலர்ஜி உள்ள பிள்ளையிடம் 'கசக்காதே' என்று அதட்டி என்ன பயன்? அரிப்புக்கு மருந்து வேண்டும். அதையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிவிடக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். அரிப்பை அடக்காமல் இரண்டாம் முறை செய்வது, ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

இரண்டாம் முறைக்கு அவசரப்படவும் வேண்டாம். சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் ஸ்கேன் எண்கள் முன்பைவிட மோசமாகத் தெரிவது வழக்கம், பிறகு இறங்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டியும் ஓராண்டில் கூம்பின் வளைவு ஒரு டயாப்டர் அளவுக்கு ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டாக்டர் சொல்லும் நாள்களுக்கு முன்பே அதைக் கழற்றிவிட்டு, முடிந்தவரை அதே வகை இயந்திரத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேனுக்குப் போவதென்றால், புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நூறைத் தாண்டும். ஒருநாள் கூலியை விட்டுப் போகிறவர்கள் பழைய ஸ்கேன் தாள்களை மறந்துவிட்டுப் போனால், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க நேரும்.

காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. படலம் 400 மைக்ரானுக்குக் கீழே போனால், கதிர் உள்ளடுக்கின் செல்களைத் தாக்கலாம். இந்த இடத்தில் சென்னையின் பங்கு முக்கியம். டாக்டர் அகர்வால்ஸ் மருத்துவமனையின் சூசன் ஜேக்கப் குழு, ரைபோபிளேவினில் ஊறிய மெல்லிய கான்டாக்ட் லென்ஸைக் கருவிழிமேல் வைத்துத் தடிமனைக் கூட்டும் முறையை 2014-இல் வெளியிட்டது. மெலிந்த கண்களுக்கு அது ஒரு வழி. அதுவும் கைகூடாத நிலைக்கு முற்றிவிட்டால், கருவிழி மாற்று அறுவைதான்.

இரண்டாம் முறையிலும் முதல் சில நாள் எரிச்சலும் வலியும் இருக்கும். தழும்பு, தொற்று ஆகிய அபாயங்களும் அப்படியே உண்டு. ஸ்கேனுக்குப் போகும் அன்றைக்கே மறு கண்ணையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் இரு கண்ணிலும் வரும் நோய். கூடப்பிறந்தவர்களையும் அழைத்துப்போவது நல்லது. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாக இஸ்ரேலில் நடந்த ஆய்வு சொல்கிறது. மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கும் நம் ஊர்களில், அண்ணனுக்கு ஸ்கேன் எடுக்கும்போது தங்கைக்கும் சேர்த்தே எடுத்துவிடலாம்.