பிளம்பர் டேப் பல் மருத்துவருக்கு எதற்கு? தெரியுமா?

குழாய் மாட்டும்போது மரையில் சுற்றுகிறாரே பிளம்பர், அந்த வெள்ளை டெஃப்லான் டேப் இன்று பல் மருத்துவர்களின் செல்லப் பொருள் என்பது தெரியுமா? ஒரு பல்லை அடைக்கும்போது அமிலமும் பசையும் பக்கத்துப் பல்லில் படக் கூடாது. டேப்பைக் கிருமி நீக்கி, ஒரு துண்டு கிள்ளி, பக்கத்துப் பல்லை மூடிவிட்டால் தீர்ந்தது கவலை! இந்த மாதிரிக் கைவேலை நுணுக்கங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பாய்வது இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் வழியாகத்தான். சொல்லிக் கொடுப்பவரும் பல் மருத்துவர், கற்றுக்கொள்பவரும் பல் மருத்துவர்.

பல்லுக்கு ஸ்டாம்ப் அடிக்கிறார்கள், தெரியுமா? சில கடைவாய்ப்பற்கள் மேலே பார்த்தால் முழுசாக இருக்கும், உள்ளே சொத்தை பரவியிருக்கும். குடைவதற்கு முன்பே அந்தப் பல்லின் மேட்டிலும் பள்ளத்திலும் கூழான ரெசினை விட்டு, ஒரு குட்டித் தூரிகையின் காம்பை அதில் நட்டு, நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். கழற்றி எடுத்தால் அந்தப் பல்லுக்கே உரிய முத்திரை தயார். பிறகு குடைந்து, சொத்தையைச் சுரண்டி, காம்போசிட் என்ற பல்நிற அடைப்புப் பொருளை அடுக்கடுக்காக நிரப்பி, கடைசி அடுக்கு இறுகும் முன் நடுவில் அதே டெஃப்லான் டேப்பை வைத்து முத்திரையால் ஒரு அழுத்து! பிறவியில் இருந்த அதே மேடு, அதே பள்ளம். "கடிச்சா உயரமா இருக்கு டாக்டர்" என்ற புலம்பல் பெருமளவு குறைகிறது.

இப்படி இணையத்தில் கற்றுக்கொடுப்பதில் இத்தாலிக்காரர்கள் கில்லாடிகள். வால்ட்டர் டெவோட்டோ, ஆஞ்செலோ புட்டிஞ்ஞானோ என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய 'ஸ்டைல் இத்தாலியானோ' குழு, படிப்படியான படங்களோடு ஃபேஸ்புக்கில் பாடம் நடத்தியே உலகப் புகழ் பெற்றது. மேதை மட்டுமே செய்யக்கூடிய வித்தை அவர்களுக்கு வேண்டாம். சாதாரண மருத்துவரும் திங்கட்கிழமை காலையில் செய்து பார்க்க முடிகிற முறைதான் வேண்டும். நிறம் பார்க்க அவர்கள் பரப்பிய வழியைப் பாருங்கள். காம்போசிட்டைப் பொட்டளவு எடுத்துப் பல்லின் மேலேயே வைத்து, ஒளி காட்டி இறுக்கிப் பார்க்கிறார்கள். இறுகிய பிறகு காம்போசிட்டின் நிறம் மாறுமே, அதற்காக! பசை தடவாததால் பிறகு நெம்பினால் வந்துவிடும்.

அதையும் வேலை தொடங்கும் முன்பே பார்த்தாக வேண்டும். ஏன் தெரியுமா? பல் காய்ந்தால் வெளுக்கும்! எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் இருக்கும் நீர் போய்க் காற்று புகுந்தால், ஒளி சிதறிப் பல் பளிச்சென்று தெரியும். வாயைத் திறந்தபடி வெகுநேரம் உட்கார்ந்த பிறகு நிறம் பார்த்தால், மறுநாள் எச்சில் ஊறியதும் உங்கள் பல் பழைய நிறத்துக்கு வந்துவிடும், அடைப்பு மட்டும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சிலர் அடைத்த கடைவாய்ப்பல்லின் பள்ளங்களில் பழுப்புச் சாயம் தீட்டி, பல வருஷம் காபி குடித்த பல் போலவே ஆக்கிப் படம் போடுகிறார்கள். கைத்திறன் அபாரம்தான். ஆனால் காசு கொடுத்துக் கறை வாங்க எந்த நோயாளி கேட்டார்? அது கேமராவுக்காகச் செய்த வேலை என்பேன்.

ரப்பர் டேம் இல்லாத படத்தை ஒருவர் போடட்டும், சகாக்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள்! பல்லை மட்டும் வெளியே விட்டு, எச்சில் அண்டாமல் வாயை மறைக்கும் ரப்பர் திரை அது. ஈரம் பட்டால் காம்போசிட் சரியாக ஒட்டாது. இதன் கதை தெரியுமா? 1864-ல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இளம் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்தார். காப்புரிமை கேட்கவில்லை, சக மருத்துவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அதே 1864-ல் ரப்பரில் பல்செட் செய்யும் முறைக்கு இன்னொருவர் காப்புரிமை வாங்கினார். அது குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனியின் கைக்குப் போனது. பல்செட் செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் கப்பம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வழக்கு! கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேகன் ஊர் ஊராகத் துரத்தினார். 1879-ல் சான்ஃபிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றில், வழக்கால் நொந்துபோயிருந்த சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் அவரைச் சுட்டுக் கொன்றேவிட்டார். ஒரே வருஷத்து ரப்பர் இரண்டு. சும்மா கொடுத்தது இன்றும் வாயில் இருக்கிறது!

காம்போசிட்டைப் பல்லில் பிடிக்க வைக்கும் அமில முறையும் இரவல் சரக்கே. உலோகத்தில் பெயின்ட் ஒட்டுவதற்கு ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதை எனாமலில் பூசிப் பார்த்து 1955-ல் எழுதினார் அமெரிக்காவின் மைக்கேல் பூனகோர். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பையே பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆக, காம்போசிட் கைப்பழக்கம் கட்டாயமாகிவிட்டது.

இணையப் பாடத்தில் ஒரு குறை உண்டு. வீடியோ கையைப் பிடித்துத் திருத்தாது. அதனால் விவரமானவர்கள் பிடுங்கிய பல்லிலோ பிளாஸ்டிக் பல்லிலோ பழகிவிட்டுத்தான் நோயாளியிடம் போவார்கள். இன்னொன்று, லைக் அள்ளும் படம் பெரும்பாலும் அடைத்த அன்றைக்கே எடுத்தது. அடைப்பின் யோக்கியதை வருஷங்கள் கழித்துத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த முறை பல் அடைக்கப் போனால் லைக்கை எண்ணாதீர்கள். "ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்? அஞ்சு வருஷம் முன்னாடி அடைச்ச பல்லோட படம் இருக்கா?" என்று கேளுங்கள். உங்கள் பல்லைப் படம் பிடித்துப் போட விரும்பினால், முதலில் உங்கள் சம்மதத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.