இரவு ஏழரைக்கு உடுப்பு மினுக்கலாமா?

எங்கள் வீட்டில் பாடசாலை உடுப்புக்களை உம்மா இரவு ஏழரைக்குத்தான் மினுக்குவார். மாலை 6.30 முதல் 10.30 வரை இலங்கையில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் என்று படித்ததும் எனக்கொரு யோசனை வந்தது. முதல் கிழமை எதையும் மாற்றாமல், அந்த இரண்டு நேரத்திலும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். அடுத்த கிழமை மினுக்குவதைக் காலைக்கு மாற்றச் சொன்னேன். இரவு அலகுகள் குறைந்திருந்தன! பெருமையோடு காட்டினேன். நானா கேட்டார்: "முதல் கிழமை சாச்சி வீட்டாக்கள் வந்து நின்டாங்களே, அது?"

என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆய்வாளர்கள் பல வீடுகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதிக்கு மாத்திரம் மாற்றம். விருந்தாளியும் மழையும் லீவும் இரு பகுதிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வரும். அதற்குப் பிறகும் மிஞ்சுகின்ற வித்தியாசமே மாற்றத்தின் விளைவு.

கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. சுமார் 290 வீடுகளின் கதவில் அட்டை தொங்கவிட்டார்கள்: நீங்கள் பாவித்தது இவ்வளவு, அயலவரின் சராசரி இவ்வளவு. கூடப் பாவித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! குலுக்கலில் சில வீடுகளுக்குக் கிடைத்த அட்டையில் பாராட்டாக ஒரு சிரித்த முகமும் இருந்தது. அந்த வீடுகளில் சிக்கனம் குலையவில்லை. இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு முடிந்திராது.

பாவனையைக் குறைப்பது ஒன்று, நேரத்தை மாற்றுவது வேறொன்று. 2013இல் லண்டனில் சுமார் 1,100 வீடுகளுக்கு மின்சார விலையை முதல்நாளே அறிவித்தார்கள். சாதாரண வேளையில் அலகுக்கு 11.76 பென்ஸ், உயர்ந்தால் 67.20, தாழ்ந்தால் 3.99. விலை ஏறிய வேளைகளில் சராசரிப் பாவனை இறங்கியது. ஆனால் வீட்டுக்கு வீடு வித்தியாசம் பெரிது. அதோடு, அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். நேரத்தை மாற்ற வழியில்லாதவர்கள் சேராமலே இருந்திருக்கலாம்.

அதை வாசித்தபோது உம்மாவின் நினைவு வந்தது. காலையில் மினுக்குவதற்காக அவர் நான்கு மணிக்கே எழும்பியிருந்தார். என் கொப்பியில் அலகுகள் மட்டுமே இருந்தன. இந்தக் கிழமை எழும்புவது நான். எழும்பும் நேரத்தை எழுத ஒரு நிரலும் கீறியிருக்கிறேன்.