தோல் சிவப்பது ஏன்?

கொசு கடித்த இடம் சிறிது நேரத்தில் சிவந்து, வெதுவெதுப்பாகித் தடிக்கிறது. இதனை அழற்சி என்பர். அவ்விடத்திலுள்ள நுண்ணிய குருதிநாளங்கள் விரிவதால் குருதி மிகுதியாகப் பாய்கிறது. சிவப்பும் சூடும் அதனால் வருபவையே. நாளங்களை விரிக்கும் பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. ஊர்திப் புகையில் கலந்து காற்றை மாசுபடுத்தும் அதே வாயுவை உடலும் உருவாக்கிக்கொள்கிறது என்பது வியப்பிற்குரியது.

குருதிநாளத்தின் உட்சுவர்ச் செல்கள் ஏதோ ஒரு பொருளை வெளியிட்டு நாளத்தின் தசையைத் தளர்த்துகின்றன என்பதை இராபர்ட் ஃபர்ச்காட் 1980ஆம் ஆண்டு வெளியிட்டார். அது யாது எனத் தெளிவாவதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. பெரிய புரதமோ இயக்குநீரோ அன்று. இரண்டே அணுக்களாலான ஒரு வாயு! இவ்வாய்விற்காக 1998இல் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவ்வாயுவை உருவாக்கும் நொதி மூவகைப்படும். முதலிரு வகைகள் நரம்புகளிலும் நாளச்சுவர்களிலும் இயல்பாகவே இருந்து, தேவையானபோது சிறிதளவே உருவாக்குகின்றன. மூன்றாம் வகையின் போக்கு வேறு. நோய்க்கிருமி நுழைந்தாலோ அழற்சி தொடங்கினாலோதான் வெள்ளணுக்களிலும் தோலின் மேலடுக்குச் செல்களிலும் அது தோன்றுகிறது. தோன்றியபின் பலமணி நேரம் ஓயாமல் மிகுந்த அளவில் வாயுவை வெளியிடுகிறது.

அவ்வளவு மிகுதி கிருமிகளைக் கொல்லப் பயன்படுகிறது. ஆயினும், அழற்சியின்போது உருவாகும் சூப்பராக்சைடுடன் நைட்ரிக் ஆக்சைடு இணைந்தால் பெராக்சிநைட்ரைட் என்னும் கடுமையான பொருள் பிறக்கிறது. அது கிருமி எது, தன் செல் எது எனப் பார்ப்பதில்லை. புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. அனைத்தையும் சிதைக்கிறது. சொரியாசிஸ் நோயாளரின் தடித்த தோற்பகுதிகளில் மூன்றாம் வகை நொதி மிகுந்து காணப்படுகிறது. கடும் வெயில் பட்டுத் தோல் சிவப்பதிலும் நைட்ரிக் ஆக்சைடிற்குப் பங்குண்டு.

அங்ஙனமாயின், அந்நொதியை அடக்கிவிட்டால் போதாதா என்னும் வினா எழுவது இயல்பு. விடை அவ்வளவு எளிதன்று. மூன்றாம் வகை நொதி இல்லாத எலிகளின் தோலில் ஏற்பட்ட காயங்கள், ஏனைய எலிகளின் காயங்களைவிட மெதுவாகவே ஆறின. சிவப்பைத் தணிப்பதற்காக நொதியை முற்றிலும் தடுக்கும் மருந்து, காயம் ஆறுவதையும் தாமதப்படுத்திவிடக்கூடும்.