காய்ச்சாமல் எடுத்த மருந்து

பூக்கடையில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்துக்குச் சீனாவில் ஓர் உறவுக்காரச் செடி உண்டு: ஆர்ட்டிமீசியா ஆனுவா. இரண்டும் ஒரே பேரினம். இன்று மலேரியாவுக்குக் கொடுக்கும் முதன்மை மருந்தான ஆர்ட்டிமிசினின் அந்தச் சீனச் செடியின் இலையில் கிடைத்ததுதான்.

வியட்நாம் போர்க்காலம். மலேரியா வீரர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அதுவரை கைகொடுத்த குளோரோகுயினுக்குக் கிருமி மசியவில்லை. வட வியட்நாமுக்கு உதவ 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசிய ஆய்வைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்குத் ‘திட்டம் 523’ என்று பெயர். 1969-இல் இதில் சேர்ந்த ஆய்வாளர் தூ யூயூவின் குழு, பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி, மூலிகை மூலிகையாகச் சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஆர்ட்டிமீசியாச் சாறு ஒருமுறை கேட்கும், மறுமுறை காலை வாரும்.

4-ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங்கின் கையேட்டில் துப்பு கிடைத்தது. செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறார். அடுப்பில் ஏற்றச் சொல்லவில்லை. கஷாயமென்றால் சுண்டக் காய்ச்சுவதுதானே வழக்கம்? அந்தச் சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தூ யூயூ சந்தேகித்தார். சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறெடுத்து, அதன் அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 அக்டோபரில், 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை அடியோடு ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சகாக்கள் சிலரும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். நோபல் பரிசு வர 2015 ஆனது.

மருந்தின் சூட்சுமம், மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்து நிற்கும் பெராக்சைடு பாலத்தில் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி ஹீமோகுளோபினைத் தின்னும்போது, அதிலுள்ள இரும்பு வெளிப்படுகிறது. இரும்பு பட்டதும் பாலம் உடைகிறது. உடைந்த துணுக்குகள் கிருமியின் புரதங்களைத் தாக்கிச் சிதைக்கின்றன. கிருமிக்கு அதன் சாப்பாடே எமன்.

ஆனால் இம்மருந்து சில மணி நேரத்தில் உடலைவிட்டு வெளியேறிவிடும். மிச்சக் கிருமியைத் தீர்க்க, நெடுநேரம் தங்கும் இன்னொரு மருந்தைக் கூட்டாகக் கொடுக்கிறார்கள். அப்படியும் கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாகவே அடங்கும் கிருமிகள் தோன்றிவிட்டன. இந்த நிலையில், ‘இயற்கைதானே’ என்று இலையை வாங்கித் தேநீர் போட்டுக் குடிப்பது வம்பு. செடிக்குச் செடி மருந்தின் அளவு மாறும்; அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாது, பழக்கும். உலக சுகாதார நிறுவனமும் அந்தத் தேநீரைப் பரிந்துரைப்பதில்லை.