கத்திக்குப் பிடி போடுவோம், வாருங்கள்!

கத்தி என்றதும் நம் எல்லோருக்கும் அதன் கூர்மைதான் ஞாபகம் வரும். சாணை பிடிப்பவர் தெருவில் குரல் கொடுத்தால் போதும், வீட்டுக்கு வீடு கத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆனால் பிடி ஆடுகிற கத்தியை யாரும் கண்டுகொள்வதில்லை. துணியைச் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, "இன்னும் நாலு மாசம் ஓடும்" என்று விட்டுவிடுவோம். அந்த நாலு மாசத்துக்குள் ஒருநாள் அது கையைப் பதம் பார்த்துவிடும்.

டிப்ளமோ படிக்கிற நாம் ஒர்க்ஷாப்பில் 'வி' ஃபிட்டிங், சதுர ஃபிட்டிங் என்று மாங்கு மாங்கென்று அரத்தால் ராவுகிறோம். அந்தக் கைப்பழக்கம் ரெக்கார்டு நோட்டோடு முடிந்துவிட வேண்டுமா? வீட்டுக் கத்திக்கு ஒரு நல்ல பிடி போட லேத் வேண்டாம், மில்லிங் மெஷின் வேண்டாம். ஒரு ரம்பம், இரண்டு அரம், ஒரு கைத்துளைப்பான், உப்புத்தாள், கொஞ்சம் நெருப்பு. இவ்வளவுதான்.

நம்ம ஊரும் இரும்பும்

சேலத்துக்காரர்களுக்கு இரும்பு புதிதல்ல. கஞ்சமலையின் காந்த இரும்புத் தாது அந்தக் காலத்திலிருந்தே பேர் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தியது சேலத்துத் தாதுவை வைத்துத்தான். நம் பக்கத்துக் கொல்லர்கள் எஃகு செய்த விதத்தையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். மண் மூசைக்குள் இரும்புத் துண்டைப் போட்டு, காய்ந்த ஆவாரங்கட்டையைச் சேர்த்து, மேலே எருக்க இலையை வைத்து மூடி உருக்கினார்களாம். கட்டையிலும் இலையிலும் இருக்கிற கார்பன் இரும்பில் ஏறி எஃகாகிவிடுகிறது. நாம் மெட்டலர்ஜி பாடத்தில் படிக்கிற விஷயத்தை அவர்கள் கையாலேயே செய்திருக்கிறார்கள்! 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகு நம் காலத்துக் கதை.

இரும்புக்கு இவ்வளவு பெருமை இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்கிற கைக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் மரம்தான்.

ஏன் இதை எழுதுகிறேன்?

எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அம்மா ஒரு சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு சீவும் வேலைக்குப் போகிறவர். இப்போது பல ஆலைகளில் தோல் உரிக்க மெஷின் வந்துவிட்டது என்றாலும், கையால் சீவுகிற இடங்களும் இருக்கின்றன. கத்தியை அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். கிழங்கு ஈரம், கை ஈரம், பிடியும் ஈரம். ஒருநாள் பிடி கைக்குள்ளேயே சுழன்று, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெட்டிவிட்டது. ஒன்பது நாள் வேலையில்லை. வேலையில்லை என்றால் கூலியும் இல்லை. இரும்பில் ஒரு குறையும் கிடையாது. தப்பு முழுக்கப் பிடியில்தான்.

"கத்தி பழசா இருந்தாப் பரவாயில்ல கண்ணு, பிடி அசையாம இருந்தாப் போதும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அஞ்சாறு கத்திகளுக்குப் பிடி போட்டிருக்கிறேன். அந்த முறையைத்தான் கீழே சொல்கிறேன்.

பிடி ஏன் ஆடுகிறது?

மரம் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. குறுக்குவாட்டில்தான் சுருங்கும். அதிலும் வருட வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சைக் கட்டையில் பிடி போட்டால் அது ஆடிப்போவதற்கு இதுதான் காரணம்.

ஆடுகிற கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். அன்றைக்கு இறுகும், வாஸ்தவம்தான். ஆனால் உப்புகிற மரத்துக்கு வெளியே போக இடமில்லை. ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் பூண். நடுவில் மரத்தின் நார்கள் நசுங்கிவிடும். காய்ந்ததும் துளை முன்பைவிடப் பெரிதாகிவிடும். ஊறப்போட ஊறப்போட ஆட்டம் அதிகமாவது இதனால்தான்.

எந்த மரம்?

நம் காட்டிலேயே கிடைக்கும். புளியின் வைரக்கட்டை, கருவேலம், ஊஞ்சை (அரப்பு இலை பறிக்கிறோமே, அந்த மரம்தான்) எல்லாம் கெட்டியான மரங்கள். எல்லோரும் திட்டுகிற சீமைக் கருவேலமும் பிடிக்கு நல்ல மரம். காயும்போது சுருக்கம் குறைவு. அரளிக் கட்டை மட்டும் வேண்டாம், அது விஷம். எந்த மரமானாலும் வெட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. அவசரமென்றால் பழைய கட்டில் கால், உடைந்த மண்வெட்டிக் காம்பு இவற்றைத் தேடுங்கள். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருக்கும்.

செய்முறை

பிடிக்குள் போகிற இரும்பு நீட்டத்தை 'வால்' என்று வைத்துக்கொள்வோம். வால் 6 செ.மீ. நீளம் இருந்தால் நல்லது.

1. 12 செ.மீ. நீளம், 35 மி.மீ. சதுரத்தில் ஒரு கட்டையை அறுங்கள். ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். முடிச்சு, வெடிப்பு கூடாது.

2. முகப்பில் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் பாருங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே துளை போட்டுவிட வேண்டும். வைஸில் நேராக நிற்கும். வால் நடுவில் 6 மி.மீ. அகலம் என்றால் துளை 4 மி.மீ. போதும். ஆழம் வாலைவிட அரை செ.மீ. குறைவு.

3. அடுத்தது பூண். முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் 2 செ.மீ. துண்டு எடுத்தால் உள்விட்டம் சுமார் 21 மி.மீ. வரும். பித்தளைக் குழாய் கிடைத்தால் துரு தொல்லை இல்லை. கட்டையின் முன்முனையை அந்த அளவுக்கு, முனையில் சற்றே ஒடுங்கலாக ராவி, பூணைத் தட்டி ஏற்றுங்கள். வாலை இறக்குவதற்கு முன்பே பூண் ஏறியிருக்க வேண்டும். வால் ஆப்பு மாதிரி வேலை செய்யும். பூண் இல்லாவிட்டால் கட்டை பிளந்துவிடும்.

4. கத்தியின் வெட்டுப்பகுதியை நனைத்த சாக்கில் சுற்றி, வாலை மட்டும் மங்கிய சிவப்பாகக் காய்ச்சுங்கள். துளையில் மூன்று நான்கு விநாடி அழுத்தி, வெளியே இழுத்து, கரியைத் தட்டிவிடுங்கள். மறுபடி காய்ச்சி, அதே பக்கமாக இறக்குங்கள். ஒரே மூச்சில் முழுவதும் இறக்க ஆசைப்படாதீர்கள். கரி அதிகமாகச் சேர்ந்தால் அது பிறகு பொடியாக உதிர்ந்து பிடி ஆடும். கடைசி 1 செ.மீ. மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. சூடு வெட்டும் விளிம்புக்குப் போகக் கூடாது. சுமார் 230 டிகிரி செல்சியஸில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் தெரியும். 300 டிகிரி பக்கம் போனால் நீலம். கார்பன் எஃகுக் கத்தியின் விளிம்பில் நீலம் ஏறிவிட்டால் பதம் போச்சு. பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

5. எல்லாம் ஆறிய பிறகு வாலை எமரித் தாளால் தேய்த்து, துளைக்குள் பசை விடுங்கள். கொல்லர்களின் பழைய முறை அரக்கு. அரக்குப் பொடியோடு செங்கல் பொடி கலந்து துளையில் நிரப்பி, வாலை இளஞ்சூடாக்கி இறக்குவார்கள். அரக்கு நூறு டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். பழுக்கக் காய்ச்சினால் கருகிவிடும். அரால்டைட் போட்டால் இரண்டு டியூபும் சம அளவு. ஒருநாள் முழுக்க அசைக்கக் கூடாது.

6. மிச்சமுள்ள 1 செ.மீ.க்குக் கத்தியை அடிக்காதீர்கள். கத்தி கீழே தொங்கும்படி பிடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடியின் மேல்முனையை மரச் சுத்தியால் தட்டுங்கள். பிடி கீழே நகரும், கத்தி நின்ற இடத்திலேயே நிற்கும், வால் உள்ளே ஏறும். முதலாம் ஆண்டில் படித்த நியூட்டனின் முதல் விதி இங்கே வேலை செய்கிறது! கீழே காலை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

7. இனி உருவம். உருண்டையாகச் செய்யாதீர்கள். ஈரக் கையில் உருண்டை சுழலும். முட்டை வடிவமாக, 30-க்கு 22 மி.மீ. அளவில் ராவுங்கள். விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கை கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். பின்முனை கொஞ்சம் பருத்திருந்தால் கை வழுக்கிப் போகாது. பூணுக்குப் பின்னால் லேசான மேடு இருந்தால் விரல் விளிம்புக்கு ஓடாது. யாருக்குச் செய்கிறோமோ அவரை இடையிடையே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. 80, 120, 220 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் சிலிர்த்து நிற்கும். மறுபடி லேசாகத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் காயாது; பிசுபிசுக்கும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி, குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சோதனை: வெட்டுப்பகுதியைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, பிடியை இழுங்கள், முறுக்குங்கள். விரலால் தட்டினால் கெட்டியான ஒரே சத்தம் கேட்க வேண்டும். கிலுகிலுத்தால் பசை பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வால் அகலமாகப் பட்டையாக உள்ள கத்திக்கு இருபுறமும் மரப் பட்டை வைத்து ரிவிட் அடிக்கலாம். 4 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். துளையின் வாயை இருபுறமும் சற்று அகலமாக்கி, கம்பியை ஒன்றரை மி.மீ. வெளியே விட்டு, சின்னச் சுத்தியால் பொறுமையாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளேயே பருத்து மரத்தைப் பிளக்கும்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடும் பிடியோடு எத்தனை கத்தி, எத்தனை அரிவாள் இருக்கும்! மாணவர் பேரவை சார்பில் வருடத்துக்கு ஒருநாள் முகாம் போட்டால் என்ன? பத்து மாணவர்கள், நான்கு வைஸ், ஒரு சின்ன உலை. ஒரு பிடிக்குச் செலவு என்று பார்த்தால் பசையும் உப்புத்தாளும்தான். மரம் சும்மா கிடைக்கிறது.

கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷினை நாளை நம்மில் யாராவது டிசைன் செய்யலாம், சந்தோஷம். அதற்கு முன்னால், கிழங்கு சீவுகிற ஒரு கைக்கு வழுக்காத பிடி ஒன்று செய்து கொடுப்போம். அதுவும் இன்ஜினியரிங்தான், நண்பர்களே!